விளம்பர ஏஜென்சி வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாகக் காப்பிரைட்டர், அதாவது விளம்பர வாசகம் எழுதும் வேலை பார்க்கிறேன். புதிதாக யாரைச் சந்தித்தாலும் "விளம்பரமா? ஜாலியான வேலையாச்சே!" என்றுதான் பேச்சு தொடங்கும். அப்புறம் வரும் கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஏஜென்சிக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

கிளையண்ட்டோடு, அதாவது விளம்பரம் செய்து தரச் சொல்லி வரும் நிறுவனத்தோடு, தினமும் பேசுபவர்கள் சர்வீசிங் ஆட்கள். கிளையண்ட் சொன்னதை எங்களிடமும், நாங்கள் சொன்னதைக் கொஞ்சம் பதமாக்கிக் கிளையண்ட்டிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது இவர்கள்தான்.

அடுத்து பிளானர். பொருளை வாங்கப்போகிறவர் என்ன நினைக்கிறார், எதற்குத் தயங்குகிறார் என்று தோண்டிப் பார்ப்பவர். 1968 வாக்கில் லண்டனில் ஸ்டீபன் கிங் (நாவலாசிரியர் அல்ல), ஸ்டான்லி பொலிட் என்ற இருவர் தத்தம் ஏஜென்சிகளில் தனித்தனியாக உருவாக்கிய வேலை இது. அதுவரை மீட்டிங்கில் கிளையண்ட்டுக்காகப் பேச ஆள் இருந்தது, விளம்பரத்துக்காகப் பேச ஆள் இருந்தது, வாங்குகிறவருக்காகப் பேச யாரும் இல்லை.

கிரியேட்டிவ் பக்கம் வந்தால், வார்த்தைக்குக் காப்பிரைட்டர், காட்சிக்கு ஆர்ட் டைரக்டர், இருவருக்கும் மேலே கிரியேட்டிவ் டைரக்டர். லேஅவுட்டை அச்சுக்குப் போகும் ஆர்ட்வொர்க்காக மாற்றுவது ஸ்டுடியோ. எந்த வேலை யார் மேசையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டு துரத்துகிறவர் டிராஃபிக். இந்தப் பதவி இல்லாத ஏஜென்சியில் அந்த வேலையை எல்லாரும் செய்வார்கள், அதாவது யாரும் செய்யமாட்டார்கள்.

காப்பிரைட்டரும் ஆர்ட் டைரக்டரும் ஏன் எப்போதும் ஜோடியாகவே திரிகிறார்கள்?

ஒரு காலத்தில் அப்படி இல்லை. எழுதுகிறவர் எழுதி முடித்து, தாளை ஆர்ட் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். அங்கே ஒருவர் அதற்குப் படம் போடுவார். இருவரும் முகம் பார்க்காமலே ஒரு விளம்பரம் முடிந்துவிடும். 1949இல் நியூயார்க்கில் டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக்தான் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்.

அதன் பலன் என்ன என்று பார்க்க வேண்டுமானால், 1959இல் அந்த ஏஜென்சி ஃபோக்ஸ்வாகன் காருக்குச் செய்த விளம்பரத்தைப் பாருங்கள். பெரிய வெற்றுப் பக்கம், ஓரத்தில் சின்னதாக ஒரு கார், கீழே 'சின்னதாக யோசியுங்கள்' என்ற பொருளில் இரண்டே சொல். எழுதியவர் ஜூலியன் கோனிக், வடிவமைத்தவர் ஹெல்மட் க்ரோன். அந்த வெற்றிடம் இல்லாமல் அந்த இரண்டு சொல் எடுபடாது. அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் அச்சகத்தில் ஏதோ தவறு என்று நினைத்துவிடுவோம்.

ஜோடி வேலையில் தினசரி நடப்பது வேறு மாதிரி இருக்கும். என் ஆர்ட் டைரக்டர் எனக்கு ஹெட்லைன் சொல்வார், நான் அவருக்குப் படம் சொல்வேன். இரண்டும் பெரும்பாலும் மோசமாக இருக்கும். ஆனால் ஒருவர் சொல்லும் மோசமான யோசனைதான் இன்னொருவரை உசுப்பிவிடும். வெட்கப்படாமல் முட்டாள்தனமாகப் பேச முடிகிற ஒரு ஆள் கிடைத்தால் சம்பளம் குறைவாக இருந்தாலும் அந்த ஏஜென்சியை விட்டுப் போகாதீர்கள்.

பிரீஃப், பிரீஃப் என்கிறீர்களே, அது என்ன?

என்ன செய்ய வேண்டும், யாரிடம் பேச வேண்டும், அவர் இப்போது என்ன நினைக்கிறார், விளம்பரத்தைப் பார்த்தபின் என்ன நினைக்க வேண்டும், அதற்கு நம்மிடம் என்ன ஆதாரம், எவ்வளவு பணம், எத்தனை நாள். இதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கினால் நல்ல பிரீஃப். ஆறு பக்கம் போனால் யாரோ முடிவெடுக்கப் பயந்திருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு குடைக் கம்பெனி எங்களிடம் வந்தது. பிரீஃபில் 'என்ன சொல்ல வேண்டும்' என்ற இடத்தில் தரம், நம்பிக்கை, நவீனம், நியாயமான விலை, பல வண்ணங்கள் என்று ஐந்து இருந்தது. ஐந்தையும் குடையை எடுத்துவிட்டுச் செருப்புக்கு மாற்றிப் போட்டாலும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

சரி, தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் ஆர்ட் டைரக்டரும் கிளம்பினோம். அங்கே ஒரு மூலையில் பெரிய காற்றாடிக்கு முன்னால் ஒருவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். குடை பின்பக்கமாக மடங்குகிறதா என்று பார்க்கிறாராம். நாள் முழுக்க அதுதான் அவர் வேலை. மூக்கு சிவந்திருந்தது. "மழையில நனையுறதுகூடப் பரவாயில்ல சார், குடை திரும்பிக்கிட்டா பத்துப் பேர் பார்ப்பாங்க" என்றார்.

அவ்வளவுதான், பிரீஃப் கிடைத்துவிட்டது. பிரச்சினை மழை இல்லை, காற்று. மாலையில் திரும்பி வரும்போது வண்டியிலேயே ஹெட்லைன் எழுதினேன்: "மழைக்கு எல்லாக் குடையும் குடைதான். காற்றுக்கு?" அந்தக் குடைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதைக் கீழே சொல்கிறேன்.

நல்ல பிரீஃப் எப்போதும் பெருமையாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 1962இல் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் 'நாங்கள் இரண்டாம் இடம்தான், அதனால் கூடுதலாக உழைக்கிறோம்' என்று விளம்பரம் செய்தது. எழுதியவர் பாலா கிரீன். இரண்டாம் இடத்தை ஒளிக்காமல் சொன்னதால்தான் அடுத்த வாக்கியத்தை ஜனங்கள் நம்பினார்கள்.

யோசனை எப்படி வருகிறது?

தானாக வராது. ஜேம்ஸ் வெப் யங் என்ற விளம்பரக்காரர் 1940இல் ஒரு சின்னப் புத்தகமே எழுதியிருக்கிறார். பழைய விஷயங்கள் இரண்டு புதிதாக ஒட்டிக்கொள்வதுதான் யோசனை என்பது அவர் கட்சி. கிடைத்ததையெல்லாம் படி, மண்டை காயும்வரை அதைப் போட்டுப் புரட்டு, பிறகு விட்டுவிட்டு வேறு வேலை பார், அது வரும், வந்ததும் செப்பனிடு. இதுதான் அவர் சொன்ன வரிசை.

என் அனுபவத்தில் இதில் எல்லாரும் தவிர்க்க நினைப்பது முதல் படியைத்தான். பொருளைப் பற்றிப் படிக்காமல் நேராக 'வேறு வேலை பார்' என்ற படிக்குப் போய்விடுவார்கள். குளிக்கும்போது யோசனை வந்தது என்று கதை சொல்கிறவர்கள், குளிப்பதற்கு முன் மூன்று நாள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

ஒரு ஹெட்லைனுக்கு நான் அறுபது எழுபது எழுதுவேன். முதல் இருபது எல்லாருக்கும் தோன்றுவது. அடுத்த இருபது புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ள எழுதியது. அதற்கும் அப்பால்தான் ஏதாவது இருக்கும். சில சமயம் மூன்றாவதாக எழுதியதே சரியாக இருக்கும், ஆனால் அறுபதைப் பார்த்த பிறகுதான் அது தெரியும். குடை ஹெட்லைன் போல வண்டியில் வந்து மடியில் விழுவது வருடத்துக்கு ஒன்று.

எல்லாரும் ஒரு அறையில் உட்கார்ந்து பிரெய்ன்ஸ்டார்மிங் செய்வீர்களாமே?

செய்வோம், பெரும்பாலும் கிளையண்ட் வந்திருக்கும்போது. அந்த முறையைப் பரப்பியவரே ஒரு விளம்பரக்காரர்தான், பிபிடிஓ ஏஜென்சியின் அலெக்ஸ் ஆஸ்போர்ன். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, குழுவாகச் சேர்ந்து யோசித்தவர்களைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக யோசித்தவர்கள் அதிக யோசனைகளைத் தந்தார்கள். குழுவில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், மேலதிகாரி முன்னால் உளறக் கூச்சம், வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற சோம்பல் என்று பல காரணங்கள். எங்கள் வழக்கம், முதலில் ஆளாளுக்குத் தனியாக யோசித்துத் தாளில் எழுதிக்கொண்டு வருவது, பிறகு கூடிப் பேசுவது. வெறுங்கையோடு வருபவருக்கு உள்ளே நாற்காலி கிடையாது.

ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்?

சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். காலையில் நேற்று முடிந்துவிட்டதாக நினைத்த வேலை மூன்று திருத்தங்களோடு திரும்பி வந்திருக்கும். அதை முடிப்பதற்குள் ஒரு மீட்டிங். அதில் பேசியதை எழுதி அனுப்ப ஒரு மெயில். மதியம் ஒரு பெட்டியின் பின்பக்கத்தில் வரவேண்டிய 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' போன்ற வரிகள். அதையும் யாரோ எழுதித்தானே ஆகவேண்டும். நடுவில் ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து போன்: ஸ்கிரிப்ட் 34 நொடி வருகிறது, நான்கு நொடி வெட்டுங்கள். முப்பது நொடி என்றால் நிதானமான குரலில் ஐம்பது அறுபது சொல்தான் கொள்ளும். எந்தச் சொல்லை எடுத்தால் ரத்தம் வராது என்று போனிலேயே முடிவு செய்ய வேண்டும்.

மாலையில் எல்லாரும் கிளம்பிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் பிரீஃபை எடுத்து யோசிக்கவே ஆரம்பிப்போம். போவதற்கு முன் டைம்ஷீட். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று நிரப்ப வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நாற்பது நிமிடத்தை எந்த கிளையண்ட் கணக்கில் எழுதுவது என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. நல்ல வரி வந்ததென்னவோ அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

'லோகோவைப் பெரிதாக்குங்கள்' என்று கிளையண்ட் சொன்னால் என்ன செய்வீர்கள்?

முன்பெல்லாம் கோபப்படுவேன். இப்போது "ஏன்?" என்று கேட்பேன். லோகோ சின்னதாக இருக்கிறது என்று சொல்பவர் பல சமயம் சொல்ல வருவது வேறு: 'இது எங்கள் விளம்பரம் மாதிரி இல்லை' அல்லது 'என் மேலதிகாரி கேட்டால் நான் என்ன சொல்வேன்'. நோய் தெரிந்தால் மருந்து வேறாக இருக்கும். சில சமயம் லோகோ நிஜமாகவே சின்னதாக இருக்கும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது குடைக்கு வருவோம். ஹெட்லைனைக் காட்டியதும் மார்க்கெட்டிங் மேலாளருக்குப் பிடித்திருந்தது. மறுநாள் மெயில் வந்தது. கேள்விக்குறி எதிர்மறையாக இருக்கிறதாம். "மழைக்கு எல்லாக் குடையும் குடைதான், காற்றுக்கு எங்கள் குடை" என்று மாற்றினோம். அடுத்த வாரம், 'எல்லாக் குடையும் குடைதான்' என்றால் போட்டிக் கம்பெனியைப் பாராட்டுவது போல இருக்கிறதே என்று விற்பனைப் பிரிவு கேட்டது. "காற்றையும் தாங்கும் குடை" ஆயிற்று. பிறகு தரம் என்ற சொல் எங்கே என்று இன்னொருவர். கடைசியில் "மழைக்கும் காற்றுக்கும் ஏற்ற உயர்தரக் குடை" என்று வந்து நின்றது. ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். ஒருவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹெட்லைன் செத்துவிட்டது.

எங்கள் சர்வீசிங் பெண் ஒரு காரியம் செய்தார். முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் ஒரே அளவில் பிரிண்ட் எடுத்து, அவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த நாலைந்து டீலர்களிடம் காட்டி, எது ஞாபகம் இருக்கிறது என்று அரை மணி நேரம் கழித்துக் கேட்டார். இதை ஆய்வு என்று சொல்ல முடியாது, ஆனாலும் மேலாளருக்குத் தன் மேலிடத்தில் பேச ஒரு துணிச்சல் கிடைத்தது. கேள்விக்குறி திரும்பி வந்தது. லோகோ மட்டும் பெரிதானது. அந்த விலைக்கு அது லாபம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நல்ல வேலையைக் கிளையண்ட் நிராகரிப்பது அடிக்கடி நடக்குமா?

அடிக்கடி. 1984 ஜனவரி 22 அன்று அமெரிக்காவில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் விளம்பரத்தை இன்றும் பேசுகிறார்கள். ஷியாட் டே ஏஜென்சி செய்தது, இயக்கியவர் ரிட்லி ஸ்காட். அதைப் போட்டுக் காட்டியபோது ஆப்பிளின் இயக்குநர் குழுவுக்குப் பிடிக்கவில்லை. வாங்கி வைத்த ஒளிபரப்பு நேரத்தைத் திருப்பி விற்கும்படி ஏஜென்சியிடம் சொன்னார்கள். கொஞ்சம் விற்றது, ஒரு நிமிடம் மிஞ்சியது, விளம்பரம் பிழைத்தது.

அதற்காக நிராகரிக்கப்பட்டதெல்லாம் காவியம் என்று நினைத்துவிடக் கூடாது. என்னுடையதில் பாதிக்கு மேல் நிராகரிக்க வேண்டியவைதான்.

பிட்ச் என்றால்?

ஒரு கிளையண்ட் நாலைந்து ஏஜென்சிகளை அழைத்து, ஒரே பிரீஃபைக் கொடுத்து, யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று பார்ப்பது. ஜெயிப்பவருக்கு வேலை. மற்றவர்களுக்கு இரண்டு வாரத் தூக்கம் நஷ்டம். பல இடங்களில் இதற்குப் பணம் தருவதில்லை. எனக்கு இது பிடிக்காது. யோசனைதான் எங்கள் சரக்கு, அதை இலவசமாகக் கொட்டிவிட்டு, அழகாக டிசைன் செய்வதற்கு மட்டும் காசு வாங்குகிறோம்.

ஏஜென்சிக்குப் பணம் எப்படி வருகிறது?

நெடுங்காலம் கமிஷன்தான். பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ வாங்கும் இடத்தின் விலையில் 15 சதவீதம் ஏஜென்சிக்கு. யோசனை அந்த விலைக்குள் அடங்கிவிடும், தனியாகக் கூலி கிடையாது. இப்போது பெரும்பாலும் மாதச் சம்பளம் போல ரீடெயினர், அல்லது வேலைக்கு இவ்வளவு என்று புராஜெக்ட் கட்டணம். டைம்ஷீட் கெடுபிடி இதனால் வந்ததுதான்.

பெரிய தப்பு ஏதாவது செய்திருக்கிறீர்களா?

ஒரு முழுப்பக்க விளம்பரம். ஹெட்லைனில் ஒரு காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று நானும் கிரியேட்டிவ் டைரக்டரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். ஆறு பேர் ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் காலை ஒரு பாட்டி வீட்டுக்கு நூற்றுக்கணக்கில் போன். விளம்பரத்தின் கீழே இருந்த எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க நான்தான் போனேன். "எல்லாரும் மரியாதையாத்தான் பேசினாங்க, பரவாயில்ல" என்றார்.

அன்றிலிருந்து அச்சுக்கு அனுப்பும் முன், ஆர்ட்வொர்க்கில் இருக்கும் எண்ணைப் பார்த்து அப்படியே டயல் செய்வேன். இணைய முகவரியையும் அங்கிருந்தே பார்த்துத் தட்டச்சு செய்வேன், காப்பி பேஸ்ட் செய்வதில்லை. தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' உடைந்துபோகும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனருக்கு அது உடைந்திருப்பதே தெரியாது. அதனால் ஸ்டுடியோவிலிருந்து கடைசியாக வெளியேறும் ஃபைலை எழுதியவரே ஒருமுறை பார்ப்பது நல்லது. பக்கத்தைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுவதற்கான கூடுதல் ஓரம்), படங்கள் 300 டிபிஐ, வண்ணம் சிஎம்ஒய்கே போன்றவற்றை ஸ்டுடியோ பார்த்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம்.

விருதுகள் முக்கியமா?

சம்பள உயர்வுக்கு முக்கியம். கேன் லயன்ஸ் என்ற விளம்பர விருது விழா 1954இல் வெனிஸில் தொடங்கியது. பிரிட்டனின் டி அண்ட் ஏடி 1962இல் வந்தது, அங்கே கிடைப்பது ஒரு பென்சில். விருதுக்காகவே, கிளையண்ட் கேட்காத விளம்பரத்தைச் செய்து எங்கோ மூலையில் ஒருமுறை வெளியிட்டுப் போட்டிக்கு அனுப்பும் பழக்கம் ஒன்று உண்டு. ஸ்கேம் என்போம். திறமை தெரியும், உண்மைதான். ஆனால் குடைக் கம்பெனியின் நான்கு பிரிவுகளைத் தாண்டி வெளியே வந்த ஒரு கேள்விக்குறிக்கு நான் அதைவிட அதிக மதிப்பெண் போடுவேன்.

கணினியே எழுதி, படமும் போட்டுத் தருகிறதே, இனி உங்களுக்கு வேலை இருக்குமா?

முதல் இருபது ஹெட்லைனை அது நொடியில் தந்துவிடுகிறது. எனக்கு மகிழ்ச்சிதான், அவற்றை எழுதிக் கடக்கும் சலிப்பு மிச்சம். கவலை ஜூனியர்களைப் பற்றி. அந்த மோசமான இருபதை எழுதி எழுதித்தான் நாங்கள் பழகினோம். அவர்கள் எதில் பழகுவார்கள் என்று தெரியவில்லை. தொழிற்சாலைக்குப் போய், காற்றாடி முன் நிற்பவரின் சிவந்த மூக்கைப் பார்த்துவிட்டு வர இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

வேலைக்குச் சேர என்ன வேண்டும்?

போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு. பட்டம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஏழெட்டு வேலை போதும், சொந்தமாக யோசித்துச் செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லாரும் காருக்கும் செருப்புக்கும் செய்துகொண்டு வருவார்கள். நீங்கள் குண்டூசிக்கோ பூட்டு எண்ணெய்க்கோ செய்துகொண்டு வாருங்கள். சுவாரசியமில்லாத பொருளில் சுவாரசியம் கண்டுபிடிப்பதுதானே வேலையே. மோசமான ஒன்று நடுவில் இருந்தால் எங்கள் கண் நேராக அதில்தான் போய் நிற்கும், அதை எடுத்துவிடுங்கள்.

நிராகரிக்கப்பட்ட யோசனைகளை என்ன செய்வீர்கள்?

கீழ் டிராயரில் போட்டு வைப்பேன். வேறு கிளையண்ட்டுக்கு அப்படியே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பலிக்காது, உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒரே ஒரு முறை பலித்தது. ஆறு வருடம் கிடந்த ஒரு வரி, இரண்டு சொல் மாற்றியதும் புது கிளையண்ட்டுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. மீட்டிங்கில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "எவ்வளவு நேரத்தில் எழுதினீர்கள்?" என்று கேட்டார்கள். டைம்ஷீட்டில் பத்து நிமிடம் என்று போட்டேன்.